பாட்டுக்கு முந்தி ரெண்டு மூச்சு

நானூத்திப் பன்னெண்டுல இருநூத்தி முப்பதுன்னு காட்டுச்சு கம்ப்யூட்டர். பச்சைக் கோடு ஒண்ணு மரவட்டை மாதிரி ஊர்ந்து ஊர்ந்து கடைசிக்குப் போயி, சட்டுன்னு மறைஞ்சு, மறுபடி முதல்ல இருந்து ஊரும். ஒரு பாட்டு முடிஞ்சுது, இருநூத்தி முப்பத்தொண்ணு. உலகம்மா அது முன்னால பிளாஸ்டிக் நாற்காலியில உக்காந்து, அடுப்புல பால வச்சிட்டுக் காத்துக் கெடக்கவ மாதிரி கண்ண எடுக்காமப் பாத்துக்கிட்டிருந்தா. மணி ரெண்டே கால். அஞ்சு மணிக்கு ஆஸ்பத்திரியில உள்ள விடுவாங்க, ஆறு மணிக்கு வெளிய தள்ளிருவாங்க. அதுக்குள்ள இந்தப் பாட்டையெல்லாம் கட்டைவெரல் தண்டிக்கு இருக்க அந்தக் குட்டி மிசினுக்குள்ள அடைச்சு, கொண்டுபோயி அத்தான் காதுல மாட்டிப் பாக்கணும். ஒம்பது நாளாச்சு. ஒம்பது நாளா அவ புருசன் ஆவுடைநாயகம் கண்ணத் தொறக்கல, வாயத் தொறக்கல, கூப்பிட்டா ஒரு வெரல அசைக்கல. மூளையில ரத்தக் கொழாய் வெடிச்சிட்டுன்னு சொன்னாங்க. நேத்து அந்த டாக்டர் தம்பி, மீசை கூட இன்னும் சரியா மொளைக்கல, "அம்மா, காது மட்டும் சில பேருக்குக் கடைசி வரைக்கும் வேலை செய்யும். பழகின குரலு, பிடிச்ச பாட்டு, எதாவது கேக்க வச்சுப் பாருங்க. போன் உள்ள கொண்டாரக் கூடாது, சின்ன பிளேயர்னா பரவால்ல"ன்னான். பழகின குரலுக்கு எங்க போக? அவளும் அத்தானும் ஒருத்தருக்கொருத்தர் குரல் காட்டி எத்தன வருசமாச்சு. சோறு ஆயிட்டு. தண்ணி வந்துட்டு. மாத்திரை போட்டாச்சா. இதெல்லாம் ஒரு குரலா? ஒம்பது நாளும் கட்டிலுக்குப் பக்கத்துல நின்னு "அத்தான்"னு ஒரு வார்த்தை கூப்பிட்டுட்டு, அதுக்கு மேல என்ன சொல்லன்னு தெரியாம, நேராக் கெடந்த போர்வையவே இழுத்து இழுத்து விட்டுட்டு வந்திருக்கா. அப்ப பாட்டுதான். பொண்டாட்டி, சாமி, சாதிசனம் எல்லாம் அந்த மனுசனுக்குப் பாட்டுதான். போயி எழுப்பட்டும் பாட்டு.

காலையில ஜெசிந்தாதான் வந்து எல்லாத்தையும் ஆரம்பிச்சு வச்சிட்டுப் போனா. அடுத்த வீட்டு மருமவ, ஜங்சன் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் சென்டர்ல வேலை, வாய் ஓயாது, கை அதவிட ஓயாது. "ஏ யப்பா, பெரிப்பா என்ன பெரிம்மா இப்படிச் சேத்து வச்சிருக்காங்க! பதினாறு ஜிபி! நான் வாங்கிட்டு வந்த பிளேயரு நாலுதான்." "அப்ப முக்காவாசியக் கழிச்சிரு." "கழிக்க வேண்டாம், சுருக்கிரலாம். கேசட்டுல இருந்து அப்படியே முழுசா ஏத்தி வச்சிருக்காங்க. அத அமுக்கினா பத்துல ஒரு பங்காயிரும்." "மிச்சம் ஒம்பது பங்கு எங்க போவும்?" "மனுசக் காதுக்குக் கேக்காதது எதுவோ அதெல்லாம் போயிரும் பெரிம்மா." "கேக்காதுன்னு அதுக்கு யாரு சொன்னா?" ஜெசிந்தா சிரிச்சிட்டா. "கோர்ட்டுல வேலை பாத்தவங்கன்னு காமிச்சிட்டீங்களே! எனக்கு என்ன தெரியும், மிசின் சொல்லுது, நான் கேக்கேன்." அப்புறம் வரிசையாக் கேள்வி. "கம்ப்யூட்டர்ல எடமே இல்ல பெரிம்மா. ஒவ்வொண்ணாச் சுருக்கச் சுருக்க பழச அழிச்சிரட்டா? இல்லன்னா நட்ட நடுவுல நின்னுரும்." "அழி." "வேற எதுலயும் இருக்கா? கேசட்டு இருக்கா?" "கேசட்டெல்லாம் வெள்ளத்தோட போச்சு. அழி, தாயி." "பாட்டுக்கு முன்னாடி பின்னாடி சும்மா கெடக்குற எடம் இருக்குல்லா, சத்தமில்லாம? அதையும் வெட்டிரவா? போட்ட ஒடனே டக்குன்னு பாட்டு வரும்." "சும்மா கெடக்குறதுக்கு என்னத்துக்கு எடம்? வெட்டு." ஜெசிந்தா டிக்கு டிக்குன்னு ரெண்டு தட்டு தட்டினா. "நாலு மணிக்கு வந்து பிளேயர்ல ஏத்தித் தாரேன். நீங்க சாப்பிட்டுட்டுக் கொஞ்சம் கண்ண மூடுங்க, மூஞ்சியே சரியில்ல." கண்ண மூடுறதாவது. அழின்னு சொன்னாளே, அந்தச் சொல்லு வாயில இருந்து வெளிய வந்தப்ப ஒரு ருசி இருந்துச்சு. அத நெனச்சா இப்ப அவளுக்கே கூச்சமா இருந்துச்சு. நாக்குல உப்புக்கல்லு பட்ட மாதிரி. மனுசன் சாகக் கெடக்கையில என்ன ருசி, மூதி.

இருநூத்தி முப்பத்தெட்டு. இந்த ரூம்புல அவ இவ்வளவு நேரம் உக்காந்ததே கெடையாது. பெருக்க வருவா. அத்தான் பெரிய ஹெட்போன மாட்டிக்கிட்டுக் கண்ண மூடி இருப்பாரு. வெளக்குமாத்தால கால்ல ஒரு தட்டு தட்டினாத் தூக்குவாரு, பெருக்கினதும் வைப்பாரு. ஹெட்போன் மாட்டின மூஞ்சி இருக்கே, அது கொளத்தடியில கெடக்குற மூஞ்சி, நம்ம என்ன கத்தினாலும் மேலயே மெதக்கும். சொந்தக்காரங்க வந்தா "ஆவுடைநாயகத்துக்கு என்ன ரசனை, எப்பேர்ப்பட்ட ரசனை"ம்பாங்க. இவளுக்குப் பத்திக்கிட்டு வரும். ரசனையாம் ரசனை. பிள்ளை செத்து எட்டாம் நாளு, துக்கம் கேக்க வந்த சனம் முன் ரூம்புல உக்காந்திருக்கு, அப்ப டேப்ரிக்கார்டரத் தூக்கிட்டுப் போயி இந்தக் கதவச் சாத்தின மனுசன். செம்பான்னு கூப்பிடுவாங்க, பேரு செண்பகவல்லி, ஒரே பிள்ளை, ஏழு வயசு. பிள்ளைக்கு முன்னப் பல்லு ரெண்டும் விழுந்து மொளைக்காம இருந்துச்சு. வேண்டாம். பல்லுக்குப் போகக் கூடாது. பல்லுக்குப் போனா அத எடுத்துப் போட்டு வச்ச டப்பாவுக்குப் போகணும், டப்பாவுக்குப் போனா அது எங்கன்னு தேடணும். வெள்ளம் வந்த மார்கழியில டப்பாவும் போச்சுல்லா. அந்த வெள்ளத்துக் கதை ஒண்ணு இருக்கு. வண்ணார்பேட்டைத் தெரு பூராம் ஆறு. இடுப்பளவு தண்ணி, அவ பீரோவத் தொறந்து ரெண்டு பட்டுச்சேலையையும் அவ சர்வீஸ் புத்தகத்தையும் எடுக்க முடியாம முட்டி மோதிக்கிட்டிருக்கா. இந்த மனுசன் என்ன செஞ்சாருங்கீங்க? இந்தக் கம்ப்யூட்டர் பொட்டியத் தலையில தூக்கி வச்சுக் கரகம் மாதிரி ஒத்தக் கையால பிடிச்சிக்கிட்டு, கண்ணுல தண்ணி ஒழுக ஒழுக, மாடிப்படி ஏறுனாரு. மூக்குக் கண்ணாடி கூட எடுக்கல. கீழ இரும்புப் பொட்டியில கெடந்த கேசட்டெல்லாம் மெதந்து வாசல் வழியாப் போச்சு, கறுப்பு நாடா பூரா அடுத்த வீட்டு முருங்கையில சுத்திக்கிட்டு, மாசக் கணக்கா காத்துல ஆடிக்கிட்டுக் கெடந்துது. ஜெசிந்தா மாமியா கூட சிரிச்சா, "ஒங்க வீட்டுக்காரருக்குப் பொண்டாட்டியவிடப் பொட்டிதான் கனம் போல"ன்னு. உலகம்மா சிரிக்கல. ஆமான்னு மட்டும் சொன்னா.

ரசனை என்ன செஞ்சுது தெரியுமா. அப்ப ஒயரு கியரு எல்லாம் கெடையாது, இலங்கை ரேடியோவ மேசையில வச்சு, அதுக்கு மூஞ்சிக்கு மூஞ்சி டேப்ரிக்கார்டர வச்சுத்தான் பாட்டுப் பதியுறது. ஞாயித்துக்கிழமை காலையில வீடே மூச்சு விடக் கூடாது. கடுகு தாளிக்கக் கூடாது. கொடத்த ணங்குன்னு வைக்கக் கூடாது. சவத்த யாரு கட்டிக்கிட்டு அழன்னு அவ அழுக்குத் துணிய வாளியில அள்ளிக்கிட்டு ஆத்துக்குப் போயிருவா. செம்பா மட்டும் அவரு பக்கத்துல. சிவப்புப் பட்டனையும் அடுத்த பட்டனையும் சேத்து அமுக்குறது பிள்ளை வேலை. அமுக்கின பிறகு யாரு வாயத் தொறந்தாலும் வெரல ஒதட்டுல வச்சு உஷ்ம்பாரு. அந்த உஷ். எம்பத்தொம்பது மார்ச்சு பன்னெண்டாந் தேதி, ஞாயித்துக்கிழமை, ஆத்துல இருந்து வாளியோட வாரா, பிள்ளை அவரு மடியில சுருண்டு கெடக்கு, ஒடம்பு கொள்ளிக்கட்டை. "எப்ப இருந்து அத்தான்?" "பாட்டுப் பதியும்போதே தலை வலிக்குன்னா." "பதியும்போதேன்னா? பாட்டு முடியுற வரைக்கும் உஷ்னுட்டு உக்காந்திருந்தீங்களாக்கும்?" அத்தான் தலையக் குனிஞ்சாரு. அவ எழுதிக்கிட்டா. மறுப்புக் கெடையாது, ஒத்துக்கிட்டாச்சுன்னு அன்னைக்கே மனசுக்குள்ள எழுதிக் கையெழுத்தும் போட்டாச்சு. மூளைக்காய்ச்சல்னாங்க. வியாழக்கிழமை பிள்ளை இல்ல. பெரிய டாக்டர் அப்பவே சொன்னாரு, ஒரு மணி நேரம் முந்தி வந்திருந்தாலும் ஒண்ணும் செஞ்சிருக்க முடியாதும்மான்னு. அதையா ஒரு தாயி கேப்பா? நாலு நிமிசம். ஒரு பாட்டு நாலு நிமிசம். அந்த நாலு நிமிசத்தத்தான் அவ முப்பத்தாறு வருசமாப் பாத்துக்கிட்டிருக்கா, உள்ள பிள்ளை தலையப் பிடிச்சிக்கிட்டு நிக்குது, வெளிய வெரலு ஒதட்டுல இருக்கு.

இருநூத்தி நாப்பத்தாறு. சும்மா பாத்துக்கிட்டு இருக்கமே, செய்யுற வேலையச் சரியா செய்யுதான்னு ஒத்துப் பாக்க வேண்டாமான்னு தோணுச்சு. பழக்கம் எங்க போவும்? ஜில்லா கோர்ட்டு காப்பியிங் செக்சன்ல முப்பத்தாறு வருசம். தீர்ப்பு, வாக்குமூலம், எதுக்குக் காப்பி கேட்டாலும் டைப் அடிச்சு, ஒத்துப் பாத்து, 'உண்மை நகல்'னு சீல் அடிச்சுக் கொடுக்கணும். ஒத்துப் பாக்குறதுன்னா ரெண்டு பேரு வேணும். ஒருத்தரு மூலத்த வாசிப்பாரு, இன்னொருத்தரு நகல்ல வெரல வச்சிக்கிட்டு, வரி முடிஞ்சதும் "சரி"ம்பாங்க. சரின்னு சொல்லாம அடுத்த வரிக்குப் போகக் கூடாது. அவ வேலையில சேந்த புதுசு, ஒரு கொலைக் கேசுல சாட்சி வாக்குமூலம். ஒரு பொம்பள, மகனப் பறி கொடுத்தவ. நடுவுல அடைப்புக்குறி போட்டு, சாட்சி அழுகிறார்ன்னு ஒரு வரி, நாலு வரி தள்ளி மறுபடி சாட்சி அழுகிறார். இதென்னத்துக்கு, பேச்சு மட்டும் போதாதான்னு உலகம்மா அத விட்டுட்டு அடிச்சிட்டா. செக்சன் தலைமை தாயுமானவன் சாரு மூலத்த வாசிச்சிக்கிட்டே வாராரு, அந்த வரிக்கு இவ சரி சொல்லல. கண்ணாடி வழியா பாத்தாரு. "ஏம்மா, எது வேணும் எது வேண்டாம்னு நம்மள யாரு கேட்டா? அந்தப் பொம்பள அழுதது பொய்யா?" மெமோ கொடுப்பாருன்னு பயந்தா. கொடுக்கல, பேப்பரத்தான் கிழிச்சாரு. ஏழு பக்கம், மறுபடி முதல்ல இருந்து. அதுக்கப்புறம் அவ அடிச்ச காப்பியில ஒரு புள்ளி கொறைஞ்சதுன்னு எவனும் வந்தது கெடையாது. அப்பேர்ப்பட்டவ பத்துல ஒம்பது பங்கு போறத வேடிக்கை பாத்துக்கிட்டு உக்காந்திருக்கா. மூலத்த முதல்ல கேக்கணும், பெறவு நகலு. அழிஞ்சது போக, அடுத்து வரப்போறது எதுன்னு பாத்தா; இருநூத்தி அம்பது. அது இன்னும் முழுசாத்தான் இருக்கு. அத ஓட விடுறதுக்கு முந்தி, ஸ்பீக்கர் எங்கன்னு தேடினா. ஸ்பீக்கர் எங்க இருக்கு, ஹெட்போன்தான் ஆணியில தொங்குது.

அத எடுத்தப்பவே கையில ஒரு மாதிரி ஆயிட்டு. பஞ்சு ரெண்டும் தேஞ்சு, பிஞ்சு, கறுப்புத் தூளா விரல்ல ஒட்டுது. காதுல வச்சா அவரு தலையில தேய்க்குற எண்ணெ வாசம். கட்டிக்கிட்ட நாள்ல இருந்து பக்கத்துப் பாயில கெடந்த வாசந்தான், ஆனா இவ்வளவு கிட்டத்துல வந்தது இல்ல. அமுக்குனா. முதல்ல ஒண்ணும் இல்ல. உஸ்ஸுன்னு மழைக்கு முந்துன காத்து மாதிரி ஒரு எரைச்சலு. ரெண்டு மூச்சு விடுற நேரம். அதுக்குள்ள, ஒரு ஓரத்துல, ஜன்னலுக்கு வெளிய நின்னு யாரோ சொல்லுற மாதிரி, அமுக்கிட்டேன்ப்பா. பெறவு உஷ். பெறவு பாட்டு. உலகம்மா ஹெட்போனக் கழட்டிட்டு ஜன்னலப் பாத்தா. தெருவுல எந்தப் பிள்ளையும் இல்ல, எல்லாம் ஸ்கூல்ல கெடக்கும் இந்நேரம். ஒரு வெயிலு மட்டும் நிக்குது. அடுத்த வீட்டு டிவியா இருக்கும். மறுபடி மாட்டினா, மறுபடி முதல்ல இருந்து. உஸ்ஸு. அமுக்கிட்டேன்ப்பா. ப்பா இல்ல, ஃபா. முன்னப் பல்லு ரெண்டும் இல்லாத வாயி, காத்து வெளிய வந்துரும், அமுக்கிட்டேன்ஃபா. பேசக் கூடாதுன்னு சொல்லி வச்சதால மெதுவா, ரகசியமா, ஆனா வேலைய முடிச்சிட்டேன்னு சொல்லாம இருக்க முடியாத பெருமையோட. ஹெட்போன ரெண்டு கையாலயும் காதோட சேத்து அமுக்கிப் பிடிச்சா. அழல. அழுகை எங்கயோ வந்துக்கிட்டிருக்கு, இன்னும் தெருமுனை திரும்பல.

அப்பந்தான் பாத்தா. இருநூத்தி அம்பது காணோம். அதுக்குப் பதிலா குட்டியா ஒண்ணு வந்து உக்காந்திருக்கு, அதே நம்பரு, அதே பேரு. அத அமுக்குனா. எடுத்த எடுப்புலயே பாட்டு. டக்குன்னு. உஸ்ஸு இல்ல, அமுக்கிட்டேன் இல்ல, உஷ் இல்ல. சும்மா கெடக்குற எடம். வெட்டு. அவ வாயிதான் சொல்லுச்சு. இருநூத்தி நாப்பத்தொம்பத அமுக்குனா, பாட்டு. நூத்திப் பத்து, பாட்டு. ஒண்ணாம் நம்பர், எம்பத்தஞ்சுல பதிஞ்சது, செம்பாவுக்கு அப்ப மூணு வயசு, பட்டன அமுக்க ரெண்டு கையும் வேணும், அதுக்கு என்ன சொல்லிருக்குமோ, என்ன மழலையோ, பாட்டு. வெறும் பாட்டு. எவனோ ஒருத்தன் தொண்டை கிழியக் காதலப் பாடுறான். பச்சைக் கோடு நிக்கல. அது பாட்டுக்கு ஊருது. இருநூத்தி அம்பத்தி மூணு. அவ பாக்கப் பாக்கப் பிள்ளைய ஒவ்வொரு வாயாத் தின்னுக்கிட்டு ஊருது. நிறுத்தணும். எங்க நிறுத்த? இங்கிலீசுல என்னென்னமோ எழுதிருக்கு, முப்பத்தாறு வருசம் டைப் அடிச்சவ, ஒரு எழுத்து கண்ணுக்குள்ள போகல. இருநூத்தி அம்பத்தஞ்சு. எதையோ தட்டினா, ஒரு கட்டம் வந்து கேள்வி கேட்டுது, அத மூடினா. இருநூத்தி அம்பத்தாறு. நாற்காலிய உருட்டித் தள்ளிட்டு மேசைக்கடியில போயி, மண்டை ணங்குன்னு இடிக்க, பிளக்கப் பிடிச்சு ஒரே புடுங்கு. பொட்டி ஒரு பெருமூச்சு விட்டுட்டு அடங்குச்சு. ஃபேன் மட்டும் மேல சுத்துது. அவ மேசைக்கடியிலயே, கையில ஒயரோட, தூசிக்குள்ள உக்காந்துட்டா.

தொண்ணூத்தொண்ணா, ரெண்டா. ஒரு சாயங்காலம், அவ ஆபீஸ் விட்டு வந்து செருப்பக் கழட்டுறா. இந்த ரூம்பு வாசல்ல அத்தான் நிக்காரு, கையில இதே ஹெட்போன நீட்டிக்கிட்டு. "உலகு, இங்க வாயேன். ஒண்ணு கேளேன்." மூஞ்சி என்னமோ மாதிரி இருந்துச்சு. சிரிப்பும் இல்லாம, அழுகையும் இல்லாம. அவ செருப்ப ஓரமாத் தள்ளிக்கிட்டே சொன்னா, "ஒங்க பாட்ட நீங்களே கேளுங்க. எம்பிள்ளைய உஷ்ன்னு சொன்ன எடத்துல என் காலு படாது." அவ்வளவுதான். ஹெட்போன் பைய கீழ எறங்குச்சு. அதுக்கப்புறம் அவரு கூப்பிடல. ஒரு தடவை கூப்பிட்டாரு, ஒரே ஒரு தடவை. பாவி மனுசன் ரெண்டாந்தடவை கூப்பிட்டிருக்கக் கூடாதா? நான் பெருக்க வரும்போது தலையில மாட்டிவிட்டிருக்கக் கூடாதா, ரெண்டு மூச்சுதானே? ஆனா அவ காலு படாதுன்னுல்லா சொன்னா. வெளக்குமாறு மட்டும் பட்டுது. எட்டாம் நாளு கதவச் சாத்தினது பாட்டுக்கில்ல. கரகம் மாதிரி தலையில வச்சுத் தூக்கினது பொட்டிய இல்ல. கேசட்டுல இருந்து ஏத்தும்போது மூணு வருசம் ஒக்காந்து ஏத்தினாரு, "எரைச்சல எல்லாம் கழிச்சிட்டு ஏத்தினா சீக்கிரம் முடியும்லா"ன்னு அவரு கூட வேலை பாத்தவரு கேட்டதுக்கு, "அது இருந்தாத்தான் எனக்குப் பாட்டு"ன்னாரே. அன்னைக்கு அவ ரசம் ஊத்திக்கிட்டிருந்தா. காதுல விழுந்துச்சு. கிறுக்கு மனுசன்னு நெனச்சிட்டு அப்பளத்த வச்சா.

நாலு மணிக்கு ஜெசிந்தா வந்து பாத்துட்டுக் கத்தினா. "என்ன பெரிம்மா மேசைக்கடியில! நெத்தி வீங்கிருக்கு! பிளக்க எதுக்குப் புடுங்குனீங்க, ஸ்டாப்புன்னு இம்மாம்பெருசு பட்டன் இருக்குல்லா!" உலகம்மா சொன்னா. சொல்லி முடிக்கக் கொஞ்ச நேரம் ஆச்சு, வார்த்தை எல்லாம் வரிசை மாறி மாறி வந்துச்சு. ஜெசிந்தா தரையில உக்காந்து அவ கையப் பிடிச்சிக்கிட்டா. "நாந்தான் பெரிம்மா டிக்கு போட்டேன்." "நாந்தான் தாயி அழின்னேன்." "அழிஞ்சத மீட்டுப் பாக்கலாம். எங்க சென்டர்ல ஒரு அண்ணன் இருக்காரு. ஆனா அது மேலயே புதுசா எழுதிருக்கும்… ஆசை வச்சிராதீங்க." பொட்டிய மறுபடி உசுப்பினா. வந்துச்சு. இருநூத்தி அம்பத்தாறோட நின்னிருந்துச்சு. அதுக்கு மேல உள்ளது எல்லாம் முழுசா, தொடாம. ஜெசிந்தா வெரல வச்சுப் பாத்துக்கிட்டே வந்தா. "பெரிப்பா ஒவ்வொண்ணுலயும் தேதி போட்டிருக்காங்க. எம்பத்தொம்பது சனவரி, பிப்ரவரி, மார்ச்சு… இருநூத்தி எம்பத்தேழு மார்ச்சு பன்னெண்டு. அதுக்கடுத்தது தொண்ணூத்தி மூணுக்குப் போயிருது பெரிம்மா. நடுவுல ஒண்ணுமே பதியல போல." உலகம்மா எண்ணிட்டா. முப்பத்தொண்ணு. முப்பத்தொரு தடவை அமுக்கிட்டேன்ஃபா. "சுருக்காமப் போட்டா இந்த முப்பத்தொண்ணும் பிளேயர்ல கொள்ளுமா?" "தாராளமா." "அப்ப உள்ளது உள்ளபடி போடு. ஒரு புள்ளி கொறையக் கூடாது." ஜெசிந்தா ஏத்துனா. ஏத்தும்போது சொன்னா, "கடைசிப் பாட்டு என்ன இத்தினியூண்டு இருக்கு? மத்ததெல்லாம் நாலு நிமிசம், இது ஒண்ணு மட்டும் ஒண்ணேகால்." மார்ச்சு பன்னெண்டு. கேக்கவான்னு ஜெசிந்தா கண்ணால கேட்டா. உலகம்மா வேண்டாம்னு தலைய ஆட்டினா.

ஆட்டோவுல பிளேயர முந்தானையில முடிஞ்சு, அது மேல கைய வச்சிக்கிட்டுப் போனா. மேம்பாலத்துல ஆட்டோக்காரன் பாட்டு போட்டிருந்தான், "அண்ணாச்சி, கொஞ்சம் அமத்துங்க"ன்னா. உஷ்ன்னு சொல்லல. இருநூத்தி எம்பத்தேழுல என்ன இருக்கும்னு அவளுக்குத் தெரியும். முப்பத்தாறு வருசமாத் தெரியும். தலை வலிக்குப்பா, உஷ். அதுதான் இருக்கும். அத இப்பக் கேக்கணுமா? அந்த மனுசன் சாகுற நேரத்துல அத அவரு காதுல போடணுமா? மத்த முப்பது போதாதா? ஆனா அவரு அத அழிக்கலையே. எதுவேணா அழிச்சிருக்கலாம், அத வச்சிருக்காரு. நம்பர் போட்டு, தேதி போட்டு, கடைசியா வச்சிருக்காரு. குத்தம் செஞ்சவன் தடயத்த இப்படியா வச்சிருப்பான்? ஒருவேளை தண்டனைக்கு வச்சிருந்தாரோ. தினமும் கேட்டுக் கேட்டு. ஒண்ணேகால் நிமிசம். ஏன் ஒண்ணேகால்? பாட்டு நாலு நிமிசம்லா. இந்த எடத்துல வந்து நெனப்பு முட்டிக்கிட்டு நின்னுச்சு, அங்கிட்டும் போகல, இங்கிட்டும் வரல, ஆத்துத் தண்ணியில மாட்டுன துணி மாதிரி ஒரே எடத்துல அடிச்சிக்கிட்டுக் கெடந்துது, ஆஸ்பத்திரி வாசல் வந்து "எறங்குங்க ஆச்சி"ன்னு அவன் சொல்லுற வரைக்கும்.

அத்தான் அப்படியேதான் கெடந்தாரு. மூக்குல கொழாயி, கண்ணு பாதி மூடி, தாடி வெள்ளையாக் குத்திக்கிட்டு. சிஸ்டர் பாத்து, "பாட்டா பாட்டி? மெதுவா வைங்க"ன்னுட்டுப் போனா. ஒரு காது ஒயர அவரு எடது காதுல வச்சா, இன்னொண்ண அவ காதுல. ஒயரு குட்டி, குனிஞ்சுதான் நிக்கணும், தலையும் தலையும் முட்டுற மாதிரி. அந்த எண்ணெ வாசம் இல்ல இப்ப, ஆஸ்பத்திரி வாசம். ஜெசிந்தா காட்டிக் கொடுத்த மாதிரி கடைசி நம்பருக்குத் தள்ளினா. அமுக்குனா.

உஸ்ஸு. அமுக்கிட்டேன்ஃபா. உஷ். வயலினு. ஒரு பொம்பளக் குரலு ரெண்டு வரி பாடுச்சு. மூணாவது வரி எடுக்குது, அதுக்கு மேல, கிட்டத்துல, "அப்பா, தலை வலிக்கு." ஸ்டூல் தரையில கிரீச்சுன்னு இழுபடுற சத்தம், அந்தச் சொல்லு முடியுறதுக்குள்ள. "எங்கம்மா வலிக்கு?" அத்தான். முப்பத்தஞ்சு வயசு அத்தான். "இங்க." "எங்க, காமி." "பாட்டு ஓடுதுப்பா." "பாட்டு கெடக்கு சவம். நீ வா இங்க. வா, வா." டொக்.

அவ்வளவுதான். அதுக்கு மேல உஸ்ஸுன்னு வெறும் எரைச்சலு, இருபது செகண்டு. அதையும் அவரு வெட்டாம வச்சிருந்தாரு.

உலகம்மா அப்படியே குனிஞ்சு நின்னா. இடுப்பு கடுத்துது. ஒத்துக்கிட்டாச்சுன்னு எழுதுனா அன்னைக்கு. தலையக் குனிஞ்சாரே, சொல்லிருக்கலாம்லா, நான் உடனே நிறுத்திட்டேன் உலகுன்னு ஒரு வரி சொல்லிருக்கலாம்லா. பிள்ளைய மடியில போட்டுக்கிட்டு, கொதிக்குற ஒடம்ப வச்சிக்கிட்டு, அந்த மனுசன் தனக்குச் சாட்சி சொல்லிக்கிட்டிருப்பாராக்கும்? பெறவு சொல்ல வந்தாரு. ஹெட்போன நீட்டிக்கிட்டு வாசல் வரைக்கும் வந்தாரு. அவ செருப்பத் தள்ளினா. அழுகை இப்ப தெரு திரும்பி, வாசப்படி ஏறி, உள்ள வந்துட்டு. சத்தம் வெளிய வராம வாயில முந்தானைய வச்சு அடைச்சிக்கிட்டா. அத்தான் மூஞ்சியப் பாத்தா. கொளத்தடி மூஞ்சி. இமை அசையல. கேக்குதா கேக்கலையான்னு எந்த டாக்டரும் சொல்ல முடியாது.

"டைம் ஆவுது, இன்னும் அஞ்சு நிமிசம்"ன்னா சிஸ்டர். உலகம்மா மூக்கத் தொடச்சிக்கிட்டு, நழுவி விழுந்த ஒயர மறுபடி அவரு காதுல பதமா வச்சா. மறுபடி முதல்ல இருந்து ஓட விட்டா. உஸ்ஸு. அமுக்கிட்டேன்ஃபா.

"சரி"ன்னா உலகம்மா.

அப்பா, தலை வலிக்கு.

"சரி."

எங்கம்மா வலிக்கு. பாட்டு ஓடுதுப்பா. பாட்டு கெடக்கு சவம், நீ வா இங்க.

அந்த வரிக்குச் சரி சொல்லக் கொஞ்சம் நேரமாச்சு. அவரு நெத்தியில நெத்திய வச்சிக்கிட்டு, டொக்குன்னு நின்னதுக்கப்புறம், அந்த இருபது செகண்டு எரைச்சலுக்குள்ள, அவருக்கு மட்டும் கேக்குற மாதிரி சொன்னா:

"சரி, அத்தான்."